தோல் கலர் ரெக்சினில் நிற்கவில்லை: 1984 பத்மினி ஒன்றின் உட்புற நிற மாற்றம்

பின்னணி

வேலூரில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பாடிக்கு பெயிண்ட் அடிப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. காரின் உள்பக்கத்துக்குக் கலர் மாற்றிக் கொடுக்கும்படி முழு வேலையாக ஒருவர் கேட்டது இந்த வண்டிக்குத்தான். இதில் ஒரு முறை தோற்று, இரண்டாம் முறை ஓரளவு சரியாக வந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் பலர் இதே தவறைச் செய்யப் போவதை நேரிலேயே பார்க்கிறேன்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் தயாரானது, 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் ஒரே நீள சீட். சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. வண்டியை வாங்கியவர் அவருடைய அப்பா. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை உள்ளே இருந்தது. கதவுகளின் உள்பக்கப் பலகை, அதாவது டோர் பேட், கம்பெனியில் வந்த மெரூன் நிறம். நாற்பது வருட வெயிலில் அது செங்கல் தூள் நிறத்துக்கு வெளுத்திருந்தது. சீட்டுகள் தொண்ணூறுகளில் கிழிந்தபோது, அன்று கடையில் கிடைத்த வான நீல ரெக்சினை வாங்கித் தைத்துவிட்டார்கள். "உள்ளே உட்கார்ந்தா ரெண்டு வீட்டுச் சாமானை ஒரே ரூம்ல போட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார் சார். எல்லாவற்றையும் பழைய மெரூனுக்குக் கொண்டு வர வேண்டும். தை மாதம் பேத்தி கல்யாணம், பெண் இந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். அவர் வந்தது ஆகஸ்ட் முதல் வாரம்.

முதலில் பார்த்தது

டோர் பேட்களைக் கழற்றினோம். ஹார்ட்போர்டு அட்டையின் மேல் ரெக்சின் ஒட்டி, ஓரத்தைப் பின்பக்கமாக மடித்திருந்தார்கள். அந்த மடிப்பை விரித்தபோது ஒரு விரல் அகலத்துக்குப் பழைய மெரூன் அப்படியே இருந்தது. வெயிலே படாத இடம். காய்ந்த நாவல் பழத் தோல் மாதிரி அடர்ந்த நிறம், ஓரத்தில் மட்டும் பசையின் மஞ்சள் கறை. சார் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேண்டிய கலர் அதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

பின் சீட்டு நல்ல நிலையில் இருந்தது. ரெக்சின் மென்மையாக இருந்தது, தையலும் விடவில்லை. முன் சீட்டில் டிரைவர் பக்கம் வெடிப்பு, அழுத்தினால் உள்ளே துணி தெரிந்தது. ரெக்சின் என்பது துணி மேல் பூசிய பிவிசி. அதை வளைய வைப்பது உள்ளே கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெயிலில் நிறுத்திய காரின் முன் கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் படியுமே, அதில் பெரும்பங்கு இதுதான். போன பிளாஸ்டிசைசரை எந்தக் கலரும் திருப்பிக் கொடுக்காது. இந்த வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது.

பாதியாய்த் தெரிந்திருந்த இன்னொரு விஷயமும் உண்டு. சார் வெள்ளிக்கிழமைதோறும் உள்ளே பளபளப்பு பாலிஷ் அடித்துத் துடைப்பவர். அதற்கு முன்னால் அவருடைய அப்பா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். இதைக் கேட்டுக்கொண்டேன், ஆனால் அன்றைக்கு இதற்கு வேண்டிய கனம் கொடுக்கவில்லை.

முதல் முயற்சி: தோல் கலர்

பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் ஊர்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் தோலுக்குக் கலர் ஏற்றிப் பழகிய கை ஒன்று கிடைக்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, ஆனால் தொழில் அதே தொழில்தான். அதனால் கலர் மாற்றம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது தோல் கலர். ஷூ மேல்தோலுக்கு அடிக்கும் பிக்மென்ட், அதாவது நிறப்பொடி, அதோடு அதைப் பிடித்து வைக்க நீரில் கலக்கும் அக்ரிலிக் பைண்டர். விலை குறைவு, வாடை இல்லை, எந்த நிறம் கேட்டாலும் கலந்து தருவார்கள். தெரிந்த ஒருவர் மூலம் மெரூன் கலந்து வாங்கினோம்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, டோர் பேட்களுக்கும் பின் சீட்டுக்கும் ஸ்ப்ரே கன்னில் மூன்று கோட் அடித்தேன். காய்ந்த அன்று பார்க்க அருமையாக இருந்தது. சார் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

மூன்றாவது வாரம் குடியாத்தத்தில் ஒரு விசேஷத்துக்கு அந்த வண்டியில் போனார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போனவர் சாரின் தம்பி, வெள்ளை வேட்டி. வியர்வையோடு ஒரு மணி நேரம். இறங்கும்போது வேட்டியின் பின்பக்கம் முழுக்க மெரூன் தீற்றல். மண்டப வாசலில் நாலு பேர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை சார் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். கோபப்படவில்லை, கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். டோர் பேட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். கலர் வெங்காயத் தோல் மாதிரி முழு நீளத்துக்கு உரிந்து வந்தது. கீழே செங்கல் நிறம், துளி கறைகூட இல்லாமல்.

ஏன் உரிந்தது

மேல்விஷாரத்தில் தோல் ஃபினிஷிங்கில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த பெரியவர் ஒருவரிடம் உரிந்த துண்டை எடுத்துப் போனேன். "பாய், இது ஏன் பிடிக்கலை?" என்று கேட்டேன். துண்டை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தோலுன்னா குடிக்கும். இது குடிக்காது. குடிக்காததுக்குக் குடிக்கிற கலரை ஏன்பா அடிச்சே?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் விளக்கியது எனக்கு இந்த வேலையின் அடிப்படையே ஆகிவிட்டது. தோல் என்பது நார். கலரும் பைண்டரும் அந்த நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிவிசி துளையில்லாத படலம், அதற்குள் தண்ணீர் இறங்காது. தண்ணீரில் கரைத்த கலர் மேலே காய்ந்து ஒரு தாளாக நிற்கும், அவ்வளவுதான். பிவிசியில் கலர் பிடிக்க வேண்டுமென்றால், அந்தக் கலரைக் கரைத்திருக்கும் திரவம் பிவிசியின் மேற்பரப்பைச் சற்றே இளக்க வேண்டும். இளகிய மேற்பரப்போடு கலரில் உள்ள பிசின் கலந்து, திரவம் ஆவியானதும் இரண்டும் ஒன்றாக இறுகும். வினைல் டை என்று டப்பாவில் விற்பது இந்த வகைதான். பெயர் டை என்றாலும், துணிச் சாயம் போல் உள்ளே ஊறுவது இல்லை. பிவிசியைக் கடித்துப் பிடிக்கும் மெல்லிய பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டால் வேலையில் தவறு குறையும்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். தோல் ஃபேக்டரியில் கலர் ஏற்றிய தோலை அப்படியே அனுப்ப மாட்டார்கள். மேலே டாப் கோட், அதாவது கலரைக் காக்கும் மேல்பூச்சு அடித்து, ஈரப் பஞ்சால் இத்தனை முறை தேய்த்துக் கலர் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் டாப் கோட்டும் அடிக்கவில்லை, தேய்த்தும் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டி அந்தச் சோதனையைச் செய்துவிட்டது.

மறுபடி எடுத்த முடிவுகள்

செப்டம்பர் கடைசி. சாரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பேசினோம்.

முன் சீட்டுக்குக் கலர் வேண்டாம், புது மெரூன் ரெக்சின் வாங்கித் தைத்துவிடலாம் என்றேன். வெடித்த ரெக்சின் மேல் கலர் அடித்தால், உட்காரும்போது வெடிப்பு திறந்து பழைய நீலம் கோடு கோடாகத் தெரியும். பின் சீட்டு மென்மையாக இருப்பதால் கலர். டோர் பேட் நான்குக்கும் கலர். ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றேன். வியர்வைக் கை நாள் முழுக்கப் பிடிக்கும் இடம், பிடிப்பு வழுக்கினால் அது பாதுகாப்புப் பிரச்சினை. சார் உடனே ஒப்புக்கொண்டார்.

டேஷ்போர்டில்தான் இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. இந்த வண்டியின் டேஷ்போர்டு மேல் யாரோ பிற்காலத்தில் கறுப்பு ரெக்சின் உறை ஒட்டியிருந்தார்கள். அதுவும் மெரூனாக வேண்டும் என்றார் சார். மெரூன் ரெக்சின் துண்டு ஒன்றை டேஷ்போர்டின் இடது பாதியில் விரித்து, வலது பாதியைக் கறுப்பாகவே விட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குக் குடியாத்தம் ரோட்டில் மேற்கே பார்த்து ஓட்டிப் போனோம். எதிர்வெயிலில் இடது பக்கக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு நிழல் ஆடியது, எதிரே வந்த பைக் அதில் கரைந்து கரைந்து தெரிந்தது. திரும்பி வரும்போது, "கறுப்பே இருக்கட்டும் தம்பி" என்றார். வாயால் ஒரு மணி நேரம் வாதாடியிருந்தால்கூட அவர் மனம் மாறியிருக்குமா என்பது சந்தேகம்.

கலரைக் கலக்கும்போது பளிச்சென்ற சிவப்பைத் தவிர்த்தேன். செங்காவி நிறம் தரும் இரும்பு ஆக்சைடை அடிப்படையாக வைத்து, கறுப்பும் கொஞ்சம் ஊதாவும் சேர்த்து மெரூனுக்குக் கொண்டு வந்தோம். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. வேலூர் வெயிலில் நிற்கப் போகும் வண்டிக்கு இதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

சுத்தம்

இந்த வேலையில் கலர் அடித்தது மொத்தமே மூன்று காலைப் பொழுது. சுத்தம் செய்தது நான்கு முழு நாள். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் பழைய தோல் கலரை எடுத்தோம். பெரும்பகுதி வெந்நீர், சோப்பு, பிளாஸ்டிக் பிரஷ்ஷிலேயே உரிந்தது. தையல் இடுக்கிலும் ரெக்சினின் மடிப்புக் கோடுகளிலும் ஒட்டிக்கொண்டதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். பட்டறைப் பையன் தின்னர் டப்பாவை எடுத்து வந்தான், தடுத்துவிட்டேன். தின்னர் பிவிசியை இளக்கும், அழுக்கும் பழைய கலரும் அந்த இளக்கத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அசிட்டோனும் அப்படித்தான், அழுத்தித் துடைத்தால் ரெக்சினின் கிரெயினே, அதாவது மேலே தோல் போலத் தெரியும் வரிகளே, வழித்துக்கொண்டு வரும்.

பிறகு பாலிஷும் எண்ணெயும். பளபளப்பு பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, ஆனால் கலர் விழுந்ததும் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும், சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் துணி. ஒரே துணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தினால் சிலிக்கானை இடம் மாற்றிப் பூசுவதாகத்தான் ஆகும்.

போதுமா என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட அடையாளம் தண்ணீர். டோர் பேட்டைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் தெளித்தால், முதல் இரண்டு நாள் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டது. நான்காம் நாள் காலைதான் பாய் விரித்தது போல் பரவி நின்றது. டிரைவர் பக்க டோர் பேட்டில் கை வைக்கும் இடம் மட்டும் கடைசி வரை சில முத்துகளைக் காட்டியது. போதும் என்று விட்டுவிட்டேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

கலர் அடித்தது

முதலில் ஒரு துண்டு. பின் சீட்டின் அடிப்பக்கம் மறைவாக இருக்கும் நீல ரெக்சினில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, இரண்டு நாள் விட்டு, ஈர வெள்ளைத் துணியால் ஐம்பது முறை தேய்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது. மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தோம், கலர் வரவில்லை. மேல்விஷாரம் பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். "இப்போ அடி" என்றார்.

கழற்ற முடிந்ததை எல்லாம் வெளியே கொண்டு வந்துதான் அடித்தோம். காருக்குள் உட்கார்ந்து அடிப்பது கூடவே கூடாது. இந்தத் திரவங்களின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். துணி மாஸ்க் தூசிக்குத்தான் ஆகும். ஆவிக்குக் கரி டப்பா வைத்த மாஸ்க் வேண்டும்.

கன் முனை 1.3 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 30 பவுண்ட், தூரம் ஒரு சாண். முதல் கோட் பனி படிந்தாற்போல், அடியில் நீலம் பாதி தெரியும்படி. அதைப் பார்த்த சார் கவலைப்பட்டார். ஆனால் முதல் கோட்டிலேயே நீலத்தை மூட நினைத்தால் கலர் தடித்துக் கிரெயினை அடைத்துவிடும், பிளாஸ்டிக் வாளி மாதிரி மினுக்கும். கால் மணி நேர இடைவெளியில் நான்கு கோட், நான்காவதில் நீலம் முழுக்க மறைந்தது. தையல் இடுக்கை ஒருவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, நான் சின்ன பிரஷ்ஷால் உள்ளே தடவினேன். நூல் மட்டும் கலரை வாங்கவில்லை. குனிந்து பார்த்தால் நீலப் புள்ளி வரிசை இன்றும் தெரியும்.

மழை நாள்

டோர் பேட் முதல் இரண்டும் பின் சீட்டும் அக்டோபர் நடுவில் ஒரு காய்ந்த காலையில் முடிந்தன. மற்ற இரண்டு டோர் பேட்களுக்கு முன் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ஒரு வாரம் காத்திருந்தோம். கல்யாணத் தேதி மனதில் ஓட, தூறல் நின்ற ஒரு நாள் காலை அடித்துவிட்டேன்.

இரண்டாவது கோட்டில் கலர் பூத்தது. மெரூன் மேல் சாம்பல் தடவியது போல் வெள்ளை. திரவம் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து கலருக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளி பெயிண்டில் இது எனக்குப் பழக்கமானதுதான், தெரிந்தே செய்த அவசரம். அதைத் துடைக்கவோ, மேலே இன்னொரு கோட் அடிக்கவோ இல்லை. ஐந்து நாள் கழித்து நல்ல வெயில் வந்தது. மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மிக மெல்லிதாக மேலே தூவியதும் படலம் கொஞ்சம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, மெரூன் திரும்பி வந்தது. பிறகு மீதி இரண்டு கோட்.

கோடையில் இதற்கு நேர் எதிரான தொல்லை உண்டு. நாற்பது டிகிரி மதியத்தில் அடித்தால் துளி போய்ச் சேருவதற்குள் காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அதனால் எந்தக் காலத்திலும் ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்து, டெய்லர் தைத்த முன் சீட்டோடு எல்லாவற்றையும் பூட்டினோம். தையில் பெண் அந்த வண்டியில்தான் போனாள். ஏற்றுவதற்கு முன்னால் சார் தன் கைக்குட்டையை நனைத்துப் பின் சீட்டை ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு கோடை கழித்து

அடுத்த செப்டம்பரில் வண்டியை வரவழைத்துப் பார்த்தேன். மே மாத வெயில் முழுக்கத் தாண்டிய பிறகு.

டோர் பேட் நான்கில் மூன்று அப்படியே இருந்தன. மழையில் பூத்துத் திரும்பியவையும் அதில் உண்டு. டிரைவர் பக்கம் கை வைக்கும் இடத்தில் ரூபாய் நாணயம் அளவு கலர் போயிருந்தது. நான்காம் நாளும் தண்ணீர் முத்தாக நின்ற அதே இடம். பின் சீட்டின் உட்காரும் பரப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் ஏறி இறங்கும்போது கால் உரசும் முன் விளிம்பில், பைப்பிங் எனும் தையல் ஓர மேட்டின் மேல் நீலம் மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தது. கலர் தேய்ந்து போவது வேறு, உரிந்து போவது வேறு. இது தேய்ந்தது, நகத்தால் இழுத்தால் வரவில்லை.

இன்னொரு குறை வெயிலில்தான் தெரிந்தது. முன் சீட்டின் புது ரெக்சினும் பின் சீட்டின் கலரும் பட்டறை டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தவை, வெளியே கொண்டு வந்ததும் முன்னது சற்று ஊதா, பின்னது சற்றுக் காவி. சார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு அது உறுத்தல்தான்.

இனி மாற்றிச் செய்வது

புது ரெக்சினை முதலில் வாங்கி வெயிலில் வைத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி கலரைக் கலப்பேன். கடையில் ரோலாக வரும் ரெக்சின் நிறத்தை நாம் மாற்ற முடியாது, கலக்கும் கலரை மாற்ற முடியும். நான் வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

தண்ணீர் முத்தாக நிற்கும் இடத்தில் கலர் அடிக்க மாட்டேன், எத்தனை நாள் ஆனாலும். கை வைக்கும் இடம், கால் உரசும் விளிம்பு இரண்டுக்கும் வினைல் டாப் கோட் இரண்டு மெல்லிய கோட் கூடுதலாகக் கொடுப்பேன். அடர் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு மாற்றச் சொன்னால் சீட்டுக்கு மறுத்துவிடுவேன். தேயும் இடத்தில் அடி நிறம் தெரிவது நிச்சயம், வெளிரில் அது அசிங்கமாகத் தெரியும். கல்யாணத் தேதியோடு வருபவரிடம், மழைக்கு முன்னால் முடியாவிட்டால் பொங்கலுக்குப் பிறகுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சாரின் வண்டிக்குக் கை வைக்கும் இடத்தை மட்டும் மறுபடி சுத்தம் செய்து, பிரஷ் படாமல் சின்ன கன்னில் தொட்டுக் கொடுத்தேன். மீதிக் கலர் கால் லிட்டர் இருந்தது. டப்பாவின் மூடியில் தேதியும் கலவை அளவும் எழுதி, மடிப்பிலிருந்து வெட்டிய அந்தப் பழைய மெரூன் துண்டையும் ஒரு கவரில் போட்டுச் சேர்த்துக் கட்டி, நிழலில் வைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.